கம்ப்யூட்டருக்கும் ஒரு குத்தூசி வேண்டும்

மண்டியில் வந்து இறங்கும் மூட்டையை நம்மில் யாரும் வாய்ச்சொல்லை நம்பி வாங்குவதில்லை. குத்தூசி போட்டு, உள்ளே இருக்கும் சரக்கைக் கையில் கொட்டி, ஈரம் பார்த்து, மணிலாவாக இருந்தால் உடைத்துப் பருப்பைப் பார்த்து, அரிசியாக இருந்தால் வாயில் போட்டுக் கடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் இது. ஆனால் அதே வியாபாரி, தன் கடையின் பில் கம்ப்யூட்டர் ஒரு நாள் காலையில் கிளம்பாமல் நின்றுவிட்டால், வந்து பார்த்தவர் “மதர் போர்டு போயிடுச்சு சார், புதுசா வாங்கிடுங்க” என்று சொன்ன மறு நிமிடம் கல்லாவைத் திறந்துவிடுகிறார். என்ன கெட்டது, எதனால் கெட்டது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பது நம் கருத்து. கோளாறு எந்த உறுப்பில் என்று உறுதியாகத் தெரியும் வரை பணம் கொடுக்கக் கூடாது. அதற்கும் முன்பாக, கணக்கு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்காமல் எவரையும் இயந்திரத்தில் கை வைக்க விடக் கூடாது. இந்த இரண்டையும் கடைப்பிடிக்க எந்த வியாபாரியும் இன்ஜினீயர் ஆக வேண்டியதில்லை. மூட்டையைப் பார்க்கும் கண்ணோடு கம்ப்யூட்டரையும் பார்த்தால் போதும்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 அன்று மதிப்புக்கூட்டு வரி வந்தபோதுதான் நம்மில் பலர் பேரேட்டை மூடி வைத்துவிட்டு கம்ப்யூட்டரைத் திறந்தோம். மீதி இருந்தவர்களை 2017 ஜூலை 1 அன்று வந்த ஜி.எஸ்.டி. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்தது. அந்த இரண்டு அலைகளில் வாங்கிய இயந்திரங்கள்தாம் தேரடித் தெருவிலும், சின்னக்கடைத் தெருவிலும், மண்டிகளிலும் இன்னும் பல கடைகளில் பில் போட்டுக்கொண்டிருக்கின்றன. மாட்டுக்கு வயதானால் பல்லைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கம்ப்யூட்டருக்கு வயதானதை அது நின்ற பிறகே நாம் கவனிக்கிறோம்.

இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. விண்டோஸ் 10-க்குத் தரும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடுவதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். இதைக் காரணமாகக் காட்டி, வேறு எந்தக் கோளாறுக்கும் “இனி இது ஓடாது” என்று ஒரே பதில் சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. சாஃப்ட்வேர் காலாவதியாவது ஒரு விஷயம். உறுப்பு கெட்டுப்போவது வேறு விஷயம். முதலாவதற்கு நாள் பார்த்து, நிதானமாகத் திட்டமிட்டு மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவதோ பௌர்ணமி இரவில் கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது வரும். ஒன்றைக் காட்டி மற்றொன்றுக்குப் பணம் வாங்க இடம் கொடுக்கக் கூடாது.

முதலில் கணக்கு, பிறகு இயந்திரம்

கடையில் நெருப்புப் பிடித்தால் முதலில் எதைத் தூக்குவோம்? கல்லாவையும் கணக்கையும். கம்ப்யூட்டர் நின்றாலும் அதே வரிசைதான். எஸ்.எம்.பி.எஸ். போனால் வேறு வாங்கலாம். மானிட்டர் போனால் வேறு வாங்கலாம். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த பில்லுக்கு எவ்வளவு வரி என்ற கணக்கு போனால் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள், விபத்தாலோ இயற்கைச் சேதத்தாலோ அது அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கும் வகையில் நகல் வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதிகளின் 57-ஆம் விதி கூறுகிறது. “ஹார்ட் டிஸ்க் போய்விட்டது ஐயா” என்று அதிகாரியிடம் சொன்னால் அவர் அனுதாபப்படலாம், விதி அனுதாபப்படாது.

ஹார்ட் டிஸ்க் நோய்வாய்ப்படும்போது சில அறிகுறிகள் காட்டும். டக் டக் என்று சீராகத் தட்டும் சத்தம், ஒரு பில்லைத் திறக்க நிமிடக் கணக்கில் எடுத்துக்கொள்வது, நேற்று வரை திறந்த கோப்பு இன்று திறக்க மறுப்பது ஆகியவை முக்கியமானவை. தட்டும் சத்தம் கேட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உடனே அணைத்துவிட வேண்டும். “இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம்” என்று ஒவ்வொரு முறை போடும்போதும் உள்ளே இருக்கும் ஊசி தட்டைச் சுரண்டக்கூடும். மீட்க முடிந்த கணக்கு அதனாலேயே மீட்க முடியாததாகப் போய்விடும்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் ‘ஸ்மார்ட்’ என்ற ஏற்பாடு உண்டு. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். அதில் எச்சரிக்கை வந்தால் டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும். ஆனால் எச்சரிக்கை வரவில்லை என்பதால் பயமில்லை என்று இருந்துவிடக் கூடாது. கூகுள் நிறுவனத்தினர் தங்களிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கெட்டுப்போனவற்றில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வெப்பநிலை தவிர்த்த எந்த ஸ்மார்ட் எச்சரிக்கையும் காட்டாமலே கெட்டன என்று அதில் தெரிய வந்தது. மூன்றில் ஒன்று சொல்லாமல் போகிறது என்றால், நகல் எடுத்து வைப்பதைத் தவிர வேறு காவல் இல்லை.

நகல் என்றால் எது நகல்? கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருக்கும் பென் டிரைவ் நகல் ஆகாது. இடி விழுந்தாலும் வைரஸ் வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். தினமும் கடை சாத்தும் முன் ஒரு நகல் எடுத்து, கழற்றி, வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வாரம் ஒரு முறை இன்னொரு டிஸ்க்கில் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் போன துயரத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த நேரத்தில் நம் தெருக்களிலும் தண்ணீர் ஓடியது. தரையில் வைத்த சி.பி.யு.வுக்கும் அதே மேஜை இழுப்பறையில் வைத்த பென் டிரைவுக்கும் வெள்ளம் வித்தியாசம் பார்க்காது.

வெளியிலிருந்து உள்ளே

கணக்கு பத்திரம் என்று தெரிந்த பிறகு கோளாறைத் தேடலாம். தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு: செலவில்லாததை முதலில், செலவுள்ளதைக் கடைசியில், வெளியே இருப்பதை முதலில், உள்ளே இருப்பதைக் கடைசியில். பல கடைகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

முதலில் கரண்ட். சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் ஒரு டேபிள் ஃபேனை மாட்டிப் பார்ப்பதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம். அடுத்தது யு.பி.எஸ். சாதாரணக் கடை யு.பி.எஸ். பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் சக்தி இழந்துவிடும். கரண்ட் ஒரு நொடி தடுமாறினாலும் கம்ப்யூட்டர் அணைந்து மீண்டும் கிளம்பினால், குற்றவாளி பெரும்பாலும் பேட்டரிதான். நம் உறுப்பினர் கடை ஒன்றில், குளிர்பானப் பெட்டியின் கம்ப்ரஸர் கிளம்பும்போதெல்லாம் பில் கம்ப்யூட்டர் நின்று நின்று கிளம்பியது. மதர் போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் விலை சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் இன்னொருவர் வந்து யு.பி.எஸ்.ஸில் ஒரு பல்பை மாட்டி, மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தார். பல்பு உடனே அணைந்தது. புதிய பேட்டரியோடும், பெட்டிக்குத் தனி லைனோடும் விஷயம் முடிந்தது.

எர்த்தையும் பார்க்க வேண்டும். பாறையும் வறண்ட மண்ணும் உள்ள நம் பகுதியில், கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்டால் எர்த் இருந்தும் இல்லாத கதைதான். சி.பி.யு. பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், அன்றே எலெக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஓரிரு வோல்ட் இருந்தால் சரி. பத்து, இருபது என்று காட்டினால் கம்ப்யூட்டருக்கு மட்டுமின்றி அதைத் தொடும் பையனுக்கும் ஆபத்து.

பிறகு வயர்கள். மானிட்டரில் படம் வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பின்னால் உள்ள கேபிள் தளர்ந்திருக்கலாம். அரிசி, பருப்பு, மாவு விற்கும் கடைகளில் எலிக்கும் இதில் பங்கு உண்டு. கேபிளின் மேலுறை கடிபட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது (பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்) அரை நிமிட வேலை.

அறிகுறியும் காரணமும்

வைத்தியர் நாடி பார்ப்பது போல, கம்ப்யூட்டர் காட்டும் அறிகுறியைக் கொண்டு எந்த உறுப்பு என்று ஓரளவு ஊகிக்கலாம். நம் கடைகளில் அடிக்கடி வரும் ஐந்தை மட்டும் இங்கே சொல்கிறோம்.

தேதி மாறிப்போவது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் பல வருடம் பழைய தேதியைக் காட்டினால், மதர் போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. காசு அளவில் உள்ள இந்தச் சின்னப் பொருளின் விலை மிகக் குறைவு. ஆனால் கவனிக்காமல் விட்டால் நஷ்டம் பெரிது. தேதி தவறிய பில்கள் கணக்கில் ஏறும். ஜி.எஸ்.டி. தளத்தைத் திறந்தால் “பாதுகாப்பான இணைப்பு இல்லை” என்று தடுக்கும். கடைசித் தேதி அன்று இது நடந்தால் இன்டர்நெட் கோளாறு என்று நினைத்து ஒரு நாளை வீணாக்கிவிடுவோம். தாமதத்துக்கு அபராதக் கட்டணமும் வட்டியும் நம் தலையில் விழும்.

பீப் சத்தம். கிளம்பும்போது படம் வராமல் பீப் பீப் என்று தொடர்ந்து கத்தினால் பெரும்பாலும் ரேம் சரியாக உட்காரவில்லை, அல்லது அதன் செம்பு முனையில் அழுக்குப் படிந்திருக்கிறது. கழற்றி, முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து, அடுத்த இடத்தில் மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும். எத்தனை பீப் என்றால் என்ன பொருள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் ஒரு பொது உண்மை உண்டு. ஸ்பீக்கர் உள்ள இயந்திரத்தில் ரேம் முழுவதையும் கழற்றிவிட்டுப் போட்டால் அது கத்த வேண்டும். கத்தினால் மதர் போர்டுக்கும் பிராசஸருக்கும் உயிர் இருக்கிறது என்று கொள்ளலாம். “போர்டு போய்விட்டது” என்பவரிடம் இந்த ஒரு சோதனையை நம் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

சூடு. பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது, ஆற விட்டுப் போட்டால் மறுபடி பத்து நிமிடம் ஓடுகிறது என்றால் அது சூட்டுக் கோளாறு. கோடையில் 40 டிகிரியை ஒட்டிப் போகும் ஊர் இது. இதில் தவிட்டுத் தூசியும், குங்குமம் மஞ்சள் பொடியும், ஊதுபத்திப் புகையும் சேர்ந்து பிராசஸர் மேல் உள்ள விசிறியைக் கம்பளி போல மூடிவிடும். விசிறிக்கும் பிராசஸருக்கும் நடுவில் தடவிய பசையும் வருடங்கள் போனால் காய்ந்துவிடும். சுத்தம் செய்து புதுப் பசை தடவுவது அரை மணி நேர வேலை. இதற்குப் புதிய கம்ப்யூட்டர் வாங்குவது, தலையில் பேன் இருக்கிறது என்று தலையையே எடுப்பது போலாகும்.

எஸ்.எம்.பி.எஸ். பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை, அல்லது விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது, அல்லது பில் அச்சாகும் நேரம் பார்த்து அணைகிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை முதலில் சந்தேகிக்க வேண்டும். மீட்டர் வைத்துப் பார்த்தால் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்க வேண்டும். சுமை இல்லாதபோது சரியாகக் காட்டிவிட்டு, சுமை ஏறியதும் படுத்துவிடும் எஸ்.எம்.பி.எஸ்.களும் உண்டு. ஆகவே நன்றாக இருக்கும் வேறொன்றை மாட்டி ஓட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. அந்தப் பெட்டியை மட்டும் கடைப் பையன்கள் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி அடிக்கும் மின்சாரம் தேங்கி இருக்கலாம்.

உப்பிய கெப்பாசிட்டர். மதர் போர்டில் சின்னச் சின்ன உருளைகளாக நிற்பவை கெப்பாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி போல உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அது கெட்டதன் அடையாளம். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் குறைபாடுள்ள கெப்பாசிட்டர்கள் உலகம் முழுவதும் போர்டுகளைக் கெடுத்தன. பெரிய கம்பெனியான டெல், அந்தச் செலவுக்கென்று 2005-ல் 30 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. அந்தக் காலத்துக் குறைபாடு போய்விட்டாலும், சூட்டில் வேலை செய்யும் கெப்பாசிட்டரின் ஆயுள் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறையப் பாதியாகும் என்ற கணக்கு மாறவில்லை. தகரக் கூரைக்குக் கீழே காற்றில்லாத மூலையில் சி.பி.யு.வை வைத்திருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று கெப்பாசிட்டர் மட்டும் உப்பியிருந்தால், பற்ற வைக்கத் தெரிந்த கைக்காரர் அவற்றை மட்டும் மாற்றித் தருவார்.

இத்தனையும் பார்த்து முடித்து, ஒன்றுக்கும் மசியவில்லை என்றால் மட்டுமே மதர் போர்டு என்ற பேச்சு வர வேண்டும். அது முதல் தீர்ப்பாக வரக் கூடாது. கடைசித் தீர்ப்பாக வர வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்று

கோளாறு தேடும்போது நாம் வலியுறுத்தும் ஒரு விதி உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ரேமையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் கேபிளையும் ஒரே மூச்சில் மாற்றி இயந்திரம் ஓடிவிட்டால், எது குற்றவாளி என்று யாருக்கும் தெரியாது. மூன்றுக்கும் பணம் கொடுக்க வேண்டி வரும். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்தால் ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

இதற்குத் துணையாக ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று போட வேண்டும். வாங்கிய தேதி, மாற்றிய உறுப்பு, கொடுத்த பணம், கோளாறு வந்த நேரம், அப்போது வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று இரண்டு வரி எழுதினால் போதும். கம்ப்ரஸர் கிளம்பும்போதுதான் நிற்கிறது, மதியம் இரண்டு மணிக்குத்தான் நிற்கிறது என்பதெல்லாம் மனதில் நிற்காது, நோட்டில் நிற்கும். வந்து பார்ப்பவருக்கும் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். பத்து ரூபாய் பாக்கியைக் கூடச் சிட்டையில் எழுதும் நமக்கு இது புதிய பாடமா என்ன?

சரிபார்க்க வருபவரிடம்

சர்வீஸ் செய்யும் தம்பிகளை எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று நாம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களில் பெரும்பாலோர் உழைத்துப் பிழைப்பவர்கள். பண்டிகை இரவிலும் போன் செய்தால் வந்து நிற்பவர்கள். பிழை நம் பக்கமும் இருக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கேபிள் தளர்ந்ததைக் கண்டுபிடித்து, மாட்டிக் கொடுத்தவருக்கு “இதுக்கு எதுக்குப்பா காசு?” என்று டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறோம். பெட்டியையே மாற்றியவருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை, மாற்றினால்தான் லாபம் என்று நாமே ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிட்டு, அவர்கள் எதற்கெடுத்தாலும் மாற்றச் சொல்கிறார்கள் என்று குறைப்படுவது நியாயமில்லை. டாக்டருக்கு மருந்துக்குத் தனி, பார்த்ததற்குத் தனி என்று கொடுக்கிறோம். இங்கேயும் பார்த்ததற்கு ஒரு கூலியைப் பேசி, மனம் குளிரக் கொடுக்க வேண்டும்.

அதற்கு ஈடாக நாமும் சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். கோளாறை நம் முன்னால் காட்ட வேண்டும். கழற்றிய பழைய உறுப்பை நம்மிடமே தர வேண்டும். போட்ட உறுப்புக்கு வரிசை எண்ணோடு பில் தர வேண்டும். பில் இல்லாமல் வாரண்டி கேட்க முடியாது என்பதை மற்றவருக்குச் சொல்லி விற்கும் நாமே மறந்துவிடுகிறோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்கு வாங்கியதை விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை நுகர்வோராகவே ஏற்கிறது. சிறு கடைக்காரர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

இயந்திரத்தை வெளியே கொடுத்தனுப்ப நேர்ந்தால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தனுப்பலாம். நம் கொள்முதல் விலையும் வாடிக்கையாளர் பட்டியலும் அதில் இருக்கின்றன. கடைச் சாவியை யாரிடமும் கொடுத்தனுப்புவதில்லை அல்லவா?

எப்போது விடை கொடுப்பது?

பழையதைக் கட்டி அழ வேண்டும் என்பது நம் வாதமன்று. பழுது பார்க்கும் செலவு, நல்ல நிலையில் உள்ள வேறு இயந்திரத்தின் விலையில் பாதியைத் தொட்டால் யோசிக்க வேண்டும். ஒரே வருடத்தில் மூன்று வேறு வேறு உறுப்புகள் போனால், நான்காவதும் வரிசையில் நிற்கிறது என்று கொள்ளலாம். வங்கி வேலையும், ஜி.எஸ்.டி. தளமும், ஐந்து கோடிக்கு மேல் வியாபாரம் செய்பவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமான இ-இன்வாய்ஸும் ஓடும் இயந்திரம், பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸில் நீண்ட நாள் இருப்பதும் உசிதமன்று. அத்தகைய வேலைக்குப் புதியதை வாங்கிவிட்டு, பழையதை இன்டர்நெட் இணைப்பு இல்லாமல் சரக்கு இருப்பு பார்க்கவும் லேபிள் அடிக்கவும் வைத்துக்கொள்ளலாம். நாம் நாள் குறித்து மாற்றினால் அது வியாபாரம். கூட்ட நேரத்தில் பதறி மாற்றினால் விற்பவர் சொன்னதுதான் விலை.

தூக்கிப் போடுவதென்று முடிவானால் டிஸ்க்கில் உள்ளதை முழுவதும் அழித்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின் நோக்கம் அதுதான். இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் அந்த ஈயம் எங்கேயோ எரிக்கப்பட்டு யாரோ ஒரு பிள்ளையின் மூச்சில் சேரும்.

சங்கம் செய்ய வேண்டியது

தனித்தனியாக நாம் செய்ய முடியாத ஒன்றைச் சங்கமாகச் செய்யலாம். நம் ஊர் வியாபாரத்தின் உயிர் நாடி கிரிவலக் கூட்டம். மாதம் ஒரு பௌர்ணமி, வருடம் ஒரு கார்த்திகை தீபம். தீபத் திருவிழாவின் பத்து நாட்களில் வரும் வியாபாரத்தை நம்பி ஆண்டு முழுவதும் சரக்கு எடுப்பவர்கள் நம்மில் உண்டு. அந்த நாட்களில் ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்காகச் சென்னை ரிச்சி தெருவுக்கு ஆள் அனுப்பினால், போய்வருவதற்கே ஒரு நாள் போய்விடும். கூட்டமும் போக்குவரத்துத் தடையும் சேர்ந்தால் இன்னும் ஆகும்.

ஆகவே நாம் முன்வைக்கும் யோசனை இதுதான். சங்க அலுவலகத்தில் பொதுப் பெட்டி ஒன்று இருக்கட்டும். அதில் பரிசோதித்த எஸ்.எம்.பி.எஸ். இரண்டு, வழக்கத்தில் உள்ள ரேம் வகைக்கு இரண்டிரண்டு, காலி டிஸ்க் இரண்டு, மானிட்டர் கேபிள்கள், பத்து சி.ஆர். 2032 பேட்டரி, ஒரு மீட்டர், ஓட்டத் தயாராக ஒரு பழைய சி.பி.யு. ஆகியவை இருந்தால் போதும். உறுப்பினர் எவருக்கும் கோளாறு வந்தால் கையெழுத்துப் போட்டு எடுத்துச் சென்று மாட்டிப் பார்க்கலாம். எது கெட்டது என்று தெரிந்ததும் புதியது வாங்கிக்கொண்டு சங்கத்தின் பொருளைத் திருப்பித் தரலாம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முடிகிற காரியம். நல்ல உறுப்பை மாட்டிப் பார்ப்பதே சரியான சோதனை என்று மேலே சொன்னோம். ஒரு கடைக்காரரால் எல்லா உறுப்பையும் வாங்கி வைக்க முடியாது. நூறு கடைக்காரர்கள் சேர்ந்தால் முடியும்.

நாளும் நமக்கு முன்னோர்கள் குறித்தே வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜைக்குத் தராசையும் கல்லாவையும் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அன்று வெளியே பொட்டு வைப்பதோடு நிறுத்தாமல் உள்ளேயும் திறந்து தூசியை ஊதித் தள்ளுவோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, ஈரத் துணி படாமல் செய்ய வேண்டும். அன்றே முழுக் கணக்கையும் ஒரு நகல் எடுத்து, அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட வேண்டும். திறந்து பார்க்காத நகலும் குத்தூசி போடாத மூட்டையும் ஒன்றுதான். ஆயுத பூஜைக்கும் தீபத்துக்கும் நடுவில் இருக்கும் வாரங்களில், கண்டுபிடித்த கோளாறுகளைச் சரி செய்ய நேரம் தாராளமாக இருக்கும்.

அடுத்த பொதுக்குழுவில் இந்தப் பெட்டி பற்றி விவாதித்து முடிவெடுக்க வேண்டும் என்று உறுப்பினர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம். கூட்டத்துக்கு வரும்போது, தங்கள் கடைக் கம்ப்யூட்டர் வாங்கிய வருடத்தையும், கடைசியாக நகல் எடுத்த தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டாவது தேதியை எழுத முடியாதவர்கள் கூட்டத்துக்குச் சற்றுத் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. முதலில் நகலை எடுத்துவிட்டு வாருங்கள்.